இப்பர்வாஷில் சுட்டது ஒரு பொலிஸ்காரர், பொறுப்பு யாருடையது? நம்ம தோட்டக் காணிப் பிரச்சினையோடு இதை எப்படிப் பேசுவது?

கேள்வி: கீழ்ப்பிரிவு டீச்சர்

வணக்கம். நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். பின்னேரங்களில் டியூஷன் எடுக்கிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைக் காம்பராவில் கூடி, ஏதாவது ஒரு விஷயத்தைப் படித்துவிட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். அடுத்த கூட்டத்துக்கு நான் எடுத்திருப்பது கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தின் இப்பர்வாஷ் பூங்காவில் 1995இல் நடந்தது. தங்கள் காணியைக் கேட்டு அங்கே போய் உட்கார்ந்த பூர்வகுடி மக்களில் டட்லி ஜோர்ஜ் என்பவரைப் பொலிஸ் சுட்டுக் கொன்றது.

இதை ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் லயத்துக்குக் கீழே ஓடையோரமாக ஒரு துண்டு இருக்கிறது. ஒரு காலத்தில் தேயிலை, பிறகு கைவிட்டு மானாப்புல் மண்டிப்போனது. பழைய துரை ஒருவர், வெட்டிச் சுத்தம் பண்ணி மரக்கறி போட்டுக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார். அதை நம்பி எங்கள் அப்பத்தா காலத்திலிருந்தே சில குடும்பங்கள் போஞ்சி, லீக்ஸ், கோவா என்று போட்டு வருகின்றன. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவில் பாதி அந்த ஓடையோரத்தில்தான் விளைகிறது.

போன மாதம் நிர்வாகம் அங்கே டர்பன்டைன் கன்று நட ஆள் அனுப்பியது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலை முடிந்து மலையிலிருந்து இறங்கிய ஆம்பிளைகள் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே போய், குழி வெட்டாதீங்க என்று மறித்து நின்றார்கள். கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. காலையில் கவ்வாத்துக்குப் போனவர் கையில் வேறு என்ன இருக்கும்? யாரும் யார்மேலும் கை வைக்கவில்லை. பொழுது சாய ஜீப் வந்தது. முறைப்பாட்டில், ஆயுதங்களோடு கும்பலாக வந்து ஊழியர்களை மிரட்டியதாக இருந்தது. என் சித்தப்பாவையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், இரவுவரை வாங்கில் உட்காரவைத்து, சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். தான் என்ன சொன்னதாக அதில் எழுதியிருக்கிறது என்று சித்தப்பாவுக்கு இன்றைக்கும் தெரியாது. சித்தி அழுதுகொண்டே கேட்டபோது அங்கிருந்த ஒருவர் சொன்ன பதில்: "எங்களுக்கு ஒன்றுமில்லை, மேலிருந்து சொல்கிறார்கள்."

அந்த "மேலிருந்து" யார் என்பதுதான் என் மனதை அரிக்கிறது. இப்பர்வாஷிலும் இதே கேள்விக்காக ஒரு விசாரணை ஆணைக்குழு வருடக்கணக்கில் உட்கார்ந்தது என்று படித்தேன். அங்கே என்ன கண்டுபிடித்தார்கள்? சுட்டவர் பிழையா, அனுப்பியவர் பிழையா? அதில் எங்களுக்கு உதவக்கூடியது ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் சரியாகச் சொல்ல வேண்டும்.

---

பதில்: ஹட்டன்காரன், இப்போது கனடாவில்

டீச்சர், நான் பிறந்தது ஹட்டன். ஒன்டாரியோவில் லண்டன் என்ற நகரத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். டட்லி ஜோர்ஜைக் கொண்டுபோன ஸ்ட்ராத்ராய் ஆஸ்பத்திரி நான் வேலைக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தை ஆணைக்குழு அறிக்கை வந்த காலத்திலேயே தேடித் தேடிப் படித்தேன்.

கதையை 1995இல் தொடங்காதீர்கள். 1827இல் ஹியூரன் ட்ராக்ட் ஒப்பந்தத்தில் அந்த அனிஷினாபெ மக்கள் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். தங்களுக்கென்று வைத்துக்கொண்டது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒரு பங்கிலும் கை வைத்தார்கள். 1928இல், அவர்கள் வைத்துக்கொண்ட ஸ்டோனி பொயின்ட் என்ற நிலத்தின் ஏரிக்கரை விற்கப்பட்டது, 1936இல் அதன் ஒரு பகுதி மாகாணப் பூங்காவானது. பிறகு 1942இல், போர்க்காலம். இராணுவ முகாமுக்கு மிச்ச நிலமும் வேண்டும் என்றார்கள். மக்கள் வாக்கெடுத்து மறுத்தார்கள். அரசாங்கம் போர்க்காலச் சட்டத்தைக் காட்டி எடுத்தது. தேவை முடிந்ததும் திருப்பித் தருவோம் என்றது. குடும்பங்களைப் பக்கத்துக் கெட்டில் பொயின்ட்டுக்கு மாற்றினார்கள். போர் 1945இல் முடிந்தது. நிலம் வரவில்லை. அதே முகாமைக் கோடை காலத்தில் கடெற் பிள்ளைகளின் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள்.

1993இல் ஸ்டோனி பொயின்ட் குடும்பங்கள் முகாம் நிலத்துக்குள் போய்க் கூடாரம் போட்டன. 1995 ஜூலையில் முகாம் கட்டடங்களுக்குள் போனார்கள். செப்டெம்பர் 4 மாலை, பூங்கா அந்தப் பருவத்துக்கு மூடப்பட்டபின், பெண்கள் பிள்ளைகள் உட்பட ஒரு சிறு கூட்டம் பூங்காவுக்குள் போனது. உள்ளே தங்கள் மூதாதையரின் இடுகாடு இருக்கிறது என்றார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். சுட்டுக் கொன்று சில நாளைக்குள் பழைய கோப்புகளிலிருந்து 1937ஆம் ஆண்டுக் கடிதங்கள் வெளியே வந்தன. பூங்காவுக்குள் இருக்கும் இடுகாட்டைப் பாதுகாத்துத் தாருங்கள் என்று அந்த மக்களின் கவுன்சில் அப்போதே கேட்டிருந்தது. அரசாங்கத்தின் அலுமாரியிலேயே பதில் இருந்திருக்கிறது. தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

இனி உங்கள் சித்தப்பாவின் கவ்வாத்துக் கத்தி. அதைப் படித்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. செப்டெம்பர் 6 மாலை, பூங்காவுக்கு வெளியே அந்த மக்களின் கவுன்சில் உறுப்பினர் ஒருவருக்கும் உள்ளே இருந்த ஒருவருக்கும் வாய்ச்சண்டை வந்தது. காரின்மேல் ஒரு கல் எறியப்பட்டது. நடந்தது அவ்வளவுதான். அந்தச் செய்தி பொலிஸின் கட்டளை நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது, பொதுமகள் ஒருவரின் காரைப் பேஸ்போல் மட்டைகளால் அடித்து நொறுக்கினார்கள் என்று மாறிவிட்டது. யாரும் சரிபார்க்கவில்லை. அந்தத் தகவலை வைத்துத்தான் இரவில் தலைக்கவசம், கேடயம், தடியோடு முப்பதுக்கு மேற்பட்ட பொலிஸாரைப் பூங்கா வாசலுக்கு நடக்க வைத்தார்கள். பின்னால் துப்பாக்கிப் பிரிவு. பேசப்போன ஒரு கவுன்சில் உறுப்பினரைக் கீழே போட்டு அடித்தார்கள். அவரைக் காப்பாற்றப் பூங்காவிலிருந்து பஸ் ஒன்றும் கார் ஒன்றும் வெளியே வந்தன. பஸ்ஸை ஓட்டியது பதினாறு வயதுப் பையன். சூடு விழுந்தது. டட்லி ஜோர்ஜுக்கு அப்போது வயது 38. கையில் துப்பாக்கி இல்லை. அம்புலன்ஸ் பக்கத்தில் இல்லாததால் அவருடைய சகோதரியும் சகோதரரும் காரில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழியில் டயர் காற்றுப் போனது, அப்படியே ஓட்டினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர்களைப் பொலிஸ் கைது செய்தது. உள்ளே கூடப்பிறந்தவர் செத்துக்கொண்டிருக்கும்போது வெளியே இவர்கள் கையில் விலங்கு. நான் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொன்று: அந்த மக்களை வெளியேற்ற நீதிமன்றத் தடையுத்தரவு கேட்டு அரசாங்கமே மனுப் போட்டிருந்தது. விசாரணை சார்னியா நீதிமன்றத்தில் செப்டெம்பர் 7 காலை. அவரைச் சுட்டது 6ஆம் திகதி இரவு பதினொரு மணிபோல. விடியும்வரை பொறுத்திருந்தால் அந்த மனு நீதிபதி ஒருவர் முன்னால் போயிருக்கும். பூங்காவில் சுற்றுலாக்காரர் ஒருவரும் இல்லை. பருவம் முடிந்திருந்தது. அவசரம் யாருக்கு?

இங்கேதான் உங்கள் "மேலிருந்து" வருகிறது. சுட்ட அதிகாரி கென்னத் டீன். 1997இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. டட்லியின் கையில் துப்பாக்கி இருப்பதைக் கண்டேன் என்று டீன் சொன்னதை நீதிபதி நம்பவில்லை. ஆனால் சிறைக்கு அனுப்பவில்லை, வெளியில் இருந்தே கழிக்கும் நிபந்தனைத் தண்டனையும் சமூக சேவையும்தான். அதோடு கதையை முடிக்கப் பார்த்தார்கள். டட்லியின் அண்ணன் சாம் ஜோர்ஜ் விடவில்லை. வருடக்கணக்காகப் போராடி, மாகாணத்தில் ஆட்சி மாறியபின் 2003இல் நீதிபதி சிட்னி லிண்டன் தலைமையில் விசாரணை ஆணைக்குழு அமைந்தது. 2007 மே 31 அறிக்கை வந்தது.

அதில் கண்டது: செப்டெம்பர் 6 பகலில் முதலமைச்சர் மைக் ஹாரிஸின் சாப்பாட்டு அறையில் ஒரு கூட்டம் நடந்திருக்கிறது. பூர்வகுடி மக்களைக் கெட்ட வார்த்தையில் சொல்லி, அவர்கள் பூங்காவை விட்டு வெளியே போக வேண்டும் என்று அவர் பேசியதாக அவருடைய சட்டமா அதிபரே சாட்சி சொன்னார். ஹாரிஸ் மறுத்தார். லிண்டன் அந்த மறுப்பை ஏற்கவில்லை. ஆனால், பூங்காவுக்குள் நடந்து போங்கள் என்று முதலமைச்சர் பொலிஸுக்கு உத்தரவு போட்டதாகவும் அவர் சொல்லவில்லை. அவர் சொன்னது, சீக்கிரம் முடி என்ற அந்த அவசரம் பேச்சுவார்த்தைக்கான வழிகளை அடைத்தது, அந்தக் கூட்டத்தில் பொலிஸ் அதிகாரியும் இருந்ததால் அரசியல் தலையீடு என்ற தோற்றமே உண்டானது என்று. மத்திய அரசு, மாகாண அரசு, பொலிஸ் மூன்றுக்கும் பொறுப்பு உண்டு என்றார். நிலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஐம்பது வருடம் கேட்காத மாதிரி இருந்த மத்திய அரசை முதலில் வைத்தார்.

சுட்டவர் பிழையா, அனுப்பியவர் பிழையா என்று கேட்டீர்கள். இரண்டும். ஆனால் சுட்டவருக்கு ஒரு வழக்கு இருந்தது, ஒரு தீர்ப்பு இருந்தது. அனுப்பியவர்களைக் கேள்வி கேட்கப் பன்னிரண்டு வருடம் எடுத்தது.

---

பதில்: நுவரெலியா லிகிதர்

டீச்சர், நான் சட்டத்தரணி ஒருவரிடம் நீண்டகாலமாக லிகிதராக வேலை செய்கிறேன். கனடாவைப் பற்றி அந்த அண்ணன் சொல்லிவிட்டார், நான் இங்கே உள்ளதைச் சொல்கிறேன். சட்ட ஆலோசனையாக எடுக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியதாக எடுங்கள்.

காணித் தகராறில் சமாதானம் குலையும் என்று பொலிஸ் நினைத்தால், ஆளைக் கூட்டிப்போய் வாங்கில் உட்காரவைப்பதற்குச் சட்டம் சொல்லவில்லை. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 66ஆம் பிரிவு இருக்கிறது. நம்ம பக்கம் எல்லோரும் "அறுபத்தாறு வழக்கு" என்பார்கள். பொலிஸ் தாமதமில்லாமல் நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பொலிஸ் கொடுக்காவிட்டால் தகராறில் இருக்கும் ஒரு தரப்பே நேராகக் கொடுக்கலாம். இதைப் பலர் தெரிந்து வைத்திருப்பதில்லை. நீதவான் முதலில் இரண்டு தரப்பையும் இணக்கத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பார். முடியாவிட்டால், தகவல் கொடுத்த திகதியில் யார் அனுபவத்தில் இருந்தது என்று பார்ப்பார். அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாரையாவது பலாத்காரமாக வெளியேற்றியிருந்தால் அவர்களை மறுபடி வைக்கச் சொல்லி உத்தரவிடலாம். உறுதி, அதாவது காணிப் பத்திரம், யார் பேரில் என்பது அங்கே கேள்வி இல்லை. பயிர் செய்யும் உரிமை, விளைச்சல் மேல் உள்ள உரிமை ஆகியவையும் அந்தச் சட்டத்தில் காணித் தகராறுக்குள் அடங்கும். உங்கள் லீக்ஸ் பாத்தியும் அடங்கும்.

ஆகவே அந்த இரண்டு மாதத்தைக் கவனத்தில் வையுங்கள். போன மாதம் நடந்தது என்கிறீர்கள். கன்று நட்டுவிட்டு, காலம் கடந்தபின் நாங்கள்தான் அனுபவத்தில் இருக்கிறோம் என்று எதிர்ப்பக்கம் சொல்ல விடாதீர்கள்.

பயப்பட வேண்டிய சட்டம் வேறொன்று. அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டம், 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம். தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும்படி அறிவித்தல் அனுப்புவார், குறைந்தது முப்பது நாள் தருவார், போகாவிட்டால் நீதவானிடம் போவார். அங்கே நீங்கள் காட்டக்கூடியது அரசு எழுத்தில் தந்த செல்லுபடியான அனுமதி ஒன்றுதான். மூன்று தலைமுறை இருந்தோம், அப்பத்தா வெட்டிய கான் இது என்ற பேச்சு எடுபடாது. பழைய துரை வாயால் சொன்னது இந்த இடத்தில்தான் காலை வாரிவிடும். தோட்டக் காணி அரசுக்குச் சொந்தம், கம்பனிகள் 1992இல் நிர்வாகத்துக்கு வந்து பிறகு நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவை. அதனால் உங்களுக்கு எந்த அறிவித்தல் வந்தாலும் அது எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள். கடிதத்தைக் கிழித்துப் போடுகிற ஆட்களை நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வைத்திருங்கள்.

வாக்குமூலம் பற்றி: சித்தப்பா தமிழில் வாக்குமூலம் கொடுக்க உரித்துடையவர். கையெழுத்து வைக்குமுன் வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லலாம். இப்போது அதன் பிரதிக்குச் சட்டத்தரணி மூலம் விண்ணப்பிக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்துக்கும் தமிழில் எழுதலாம்.

---

பதில்: மாத்தளை வாசகன்

ஒரு விஷயத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இப்பர்வாஷ் மக்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். ஒப்பந்தம் இருந்தது. நாங்கள் இந்தியாவிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள். இலங்கையில் அந்த இடத்தில் வைத்துப் பேச வேண்டியவர்கள் வேடர் சமூகம். 1983இல் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்காவாக்கி, அவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேனும் வேட்டையும் எடுத்த காட்டுக்குள் அவர்களே நுழையக்கூடாது என்றார்கள். பெரும்பாலான குடும்பங்களை மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். திசாஹாமி என்ற பெரியவர் தம்பானையை விட்டு அசையமாட்டேன் என்று கடைசிவரை அங்கேயே இருந்தார். வாகரைப் பக்கம் தமிழ் பேசும் வேடர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கனடாவைச் சொல்லும்போது இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நாம் நிற்கும் மலையே 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் கண்டிக் கிராமத்தவரிடமிருந்து எடுக்கப்பட்டது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுடையது என்று சொல்லி, ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்று வெள்ளைக்காரனுக்கு விற்றார்கள். அந்தக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு கோரிக்கை இருக்கிறது. தோட்டத்தை ஒட்டிய கிராமத்தில் எனக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், அவர்கள் இதை மனவருத்தத்தோடுதான் பேசுவார்கள். அதை மறைத்துவிட்டு நமக்கு மட்டும் அநியாயம் நடந்தது என்று பேசினால் நியாயம் நம்ம பக்கம் முழுசாக நிற்காது.

---

கீழ்ப்பிரிவு டீச்சர்

மாத்தளை அண்ணா, நீங்கள் சொன்னது எனக்கு வேண்டியது. நன்றி. நான் எங்களைப் பூர்வகுடி என்று சொல்ல வரவில்லை. வேடர் சமூகத்தைப் பற்றியும் அந்த ஞாயிறே பேசுகிறோம், முதலில் அவர்களைத்தான் வைப்பேன்.

ஆனால் எங்களுக்கு உரிமை கேட்க 1827 ஒப்பந்தம் வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் அந்தப் பக்கம், மூன்று லட்சம் பேர் இந்தப் பக்கம் என்று பங்கு போட்டார்கள். எங்கள் பெரியப்பா குடும்பம் அப்படித்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறியது, இன்றைக்கும் நீலகிரியில் இருக்கிறது. இருநூறு வருடம் இந்த மண்ணில் செத்தவர்களை இந்த மண்ணிலேயே புதைத்தும் ஒரு துண்டு நிலத்துக்கு உறுதி இல்லாமல் இருக்கிற ஜனம் நாங்கள். 2015க்குப் பிறகு வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்றார்கள், பிறகு பத்துப் பேர்ச் என்றார்கள். எங்கள் பிரிவில் ஒரு வீட்டுக்கும் இன்னும் வரவில்லை. கிராமத்து நண்பர்களிடமிருந்து பறித்ததும் எங்களை லயத்தில் வைத்ததும் ஒரே கைதான். அவர்களோடு எங்களுக்கு வழக்கு இல்லை. பொலிஸ் ஜீப் அவர்கள் காணிக்கும் இப்படித்தான் வரும்.

ஹட்டன் அண்ணே, ஒன்று கேட்கிறேன். லிண்டன் அறிக்கைக்குப் பிறகு அங்கே பொலிஸ் நடத்தை உண்மையிலேயே மாறியதா? என் மாணவன் ஒருவன் கேட்கிறான், பொலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அதுவும் பிழைதானே என்று. நல்ல கேள்வி, எனக்குப் பதில் தெரியவில்லை.

---

ஹட்டன்காரன், இப்போது கனடாவில்

அந்தப் பையனிடம் கலிடோனியாவைப் பற்றிச் சொல்லுங்கள். 2006 பெப்ரவரி, அதே ஒன்டாரியோ, லிண்டன் விசாரணை நடந்துகொண்டிருந்த நேரமே. கிராண்ட் ஆற்றங்கரையில் 1784இல் சிக்ஸ் நேஷன்ஸ் மக்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்தில் ஒரு கம்பனி வீட்டுத்திட்டம் தொடங்கியது. அந்த மக்கள் போய் உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் வெளியேறச் சொன்னது. ஏப்ரல் 20 விடியற்காலையில் பொலிஸ் உள்ளே போய்ச் சிலரைக் கைது செய்தது. சில மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் திரும்பி வந்து பொலிஸைப் பின்வாங்க வைத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் வீதித் தடை. பொலிஸ் பெரும்பாலும் நடுவில் நின்றது. ஊரிலிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் சில உண்மையாகவே கஷ்டப்பட்டன. பொலிஸ் எங்களைக் கைவிட்டது என்று வழக்குப் போட்டார்கள், 2011இல் இரண்டு கோடி டொலர் இழப்பீட்டில் அது தீர்ந்தது. அரசாங்கம் கம்பனியிடமிருந்து அந்த நிலத்தை விலைகொடுத்து வாங்கியது.

ஆகவே பையன் கேட்டது சரி. நடுவில் நிற்பதற்கும் விலை உண்டு, அதைப் பக்கத்து ஊர்ச் சனம் கொடுத்தது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கலிடோனியாவில் இழந்ததைப் பணத்தால் ஓரளவு சரிக்கட்டலாம். சாம் ஜோர்ஜுக்கு எந்தப் பணம் தம்பியைக் கொண்டுவரும்? அவர் 2009இல் இறந்துபோனார், நிலம் திரும்புவதைப் பார்க்காமலே. முகாம் நிலத்துக்கான ஒப்பந்தம் 2016இல்தான் கையெழுத்தானது, 9 கோடி 50 லட்சம் டொலரோடு. அந்த மண்ணுக்குள் வெடிக்காத குண்டுகள் கிடப்பதால் துப்புரவு வேலை அதற்குப் பிறகும் இழுத்துக்கொண்டு போனது.

கலிடோனியா வழக்கில் ஒன்டாரியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. தடையுத்தரவை அமுல்படுத்துவது சட்டத்தின் ஆட்சியில் ஒரு பகுதிதான், பேச்சுவார்த்தை நடத்துவதும் பொலிஸ் நிதானமாகத் தீர்மானிப்பதும் அதே சட்டத்தின் ஆட்சிக்குள்தான் வருகின்றன என்று.

மாறியதா என்று கேட்டீர்கள். ஒன்டாரியோ பொலிஸ் பூர்வகுடிப் போராட்டங்களுக்கென்று தனி வழிமுறை ஒன்றை எழுதி வைத்திருக்கிறது. பிரச்சினைக்கு முன்பே போய்ப் பேசிப் பழகும் இணைப்பு அதிகாரிகள், பலத்தைக் கடைசியில் வைப்பது, இப்படி. லிண்டன் சொன்னதில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: அமைச்சர் பொலிஸுக்குச் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அதை எழுத்தில், பொதுமக்கள் பார்க்கும்படி சொல்ல வேண்டும். சாப்பாட்டு அறையில் சொல்லக்கூடாது. உங்கள் பொலிஸ்காரர் சொன்ன "மேலிருந்து" என்பதற்கு எதிரான மருந்து அதுதான். யார், என்றைக்கு, என்ன சொன்னார் என்று ஒரு தாள் இருந்தால் பிறகு யாரும் நழுவ முடியாது. ஆனாலும் இங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். 2020இலும் அதே கலிடோனியாவில் இன்னொரு வீட்டுத்திட்டக் காணியில் இதே பிரச்சினை வந்தது, கைதுகளும் நடந்தன.

---

பதில்: டெவன் பக்கத்துத் தோழர்

டீச்சருக்கு வணக்கம். வயது எழுபதுக்கு மேல். தொழிற்சங்கத்தில் இருந்தவன். என் பேத்தி இதை எழுதித் தருகிறாள்.

பிள்ளைகளுக்கு டட்லி ஜோர்ஜைச் சொல்லுங்கள், நல்லது. அதே மூச்சில் சிவனு லெட்சுமணனையும் சொல்லுங்கள். 1977 மே 11, டெவன் தோட்டம். காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசுடைமையான பின், நுவரெலியாவில் ஏழாயிரம் ஏக்கரைத் துண்டு போட்டுக் கொடுக்கத் திட்டம் வந்தது. அந்தத் தேயிலைதான் எங்கள் சோறு. காணி போனால் வேலையும் போச்சு, லயமும் போச்சு. ஆகவே சனம் வேலையை விட்டு இறங்கியது. பொலிஸ் சுட்டதில் லெட்சுமணன் செத்தார். அதற்கும் முன்னால் 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன், சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் செத்தார். 1946இல் கேகாலைப் பக்கம் நேவ்ஸ்மயர் தோட்டத்தில் எங்கள் ஆட்களை வெளியேற்றக் காணி எடுத்தபோது, மலைநாடு முழுக்க வேலைநிறுத்தம் நடந்தது என்று என் தகப்பனார் சொல்லுவார்.

கோவிந்தன் செத்ததற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரு விசாரணைக்குழு வைத்தார்கள். லெட்சுமணனுக்கு மே மாதத்தில் மாலை போடுகிறோம், பேசுகிறோம். அன்றைக்கு அந்தப் பொலிஸை யார் அனுப்பியது என்று நாங்கள் சங்கத்துக்குள் ஆயிரம் தரம் பேசியிருப்போம். சாம் ஜோர்ஜ் கேட்ட மாதிரி விடாப்பிடியாகக் கேட்டு, அனுப்பியவர்களைக் கூண்டில் ஏற்றி, நாலு பாகத்தில் ஒரு அறிக்கை வாங்கவில்லை. சங்கங்கள் ஆளுக்கொரு பக்கம் அமைச்சரோடு நின்றோம். அதுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது, டீச்சர். பிள்ளைகள் இதை எங்களிடம் கேட்கட்டும்.

சித்தப்பாவிடம் சொல்லுங்கள், அடுத்த முறை மறிக்கப் போகும்போது கத்தியை ஸ்டோரில் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி. நியாயமில்லைதான். இருந்தாலும் எழுதுகிறவர் கையில் நாம் எதையும் கொடுக்கக்கூடாது. பெண்கள் முன்னால் நிற்கட்டும், ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். 2023இல் மாத்தளை ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி உடைத்தபோது, அந்த வீடியோ இல்லாவிட்டால் நாட்டுக்குத் தெரிந்திருக்குமா?

---

கீழ்ப்பிரிவு டீச்சர்

ஐயா, பேத்திக்கும் என் அன்பு. லெட்சுமணன் பேரை எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் கேள்விப்பட்டதே இல்லை. இந்த முறை கேட்பார்கள்.

இன்று காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் சித்தப்பாவோடும் மற்ற இரண்டு பேரோடும் பேசினேன். அறுபத்தாறைப் பற்றிச் சொன்னதும் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி, சம்பளத்தில் பிடிப்பார்களா என்று. இல்லை என்றேன். தகவலை நாங்களே நீதிமன்றத்தில் கொடுக்கலாம் என்பது அவர்களுக்கு நம்பவே முடியவில்லை. மூன்று குடும்பம் சேர்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், மற்றவர்கள் தலைவரிடம் கேட்டுவிட்டுச் சொல்வார்களாம். மறித்தது போன மாதம் நடுவில், ஆகவே இரண்டு மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. கன்று நட்ட குழிகளையும் எங்கள் பாத்திகளையும் சேர்த்து போட்டோ எடுத்து வைத்திருக்கிறோம்.

லிகிதர் ஐயா, எங்கள் கையில் உறுதி இல்லை, அனுமதிப்பத்திரம் இல்லை. அனுபவத்தில் இருந்தோம் என்று காட்ட வேறு என்ன கொண்டுபோகலாம்?

---

நுவரெலியா லிகிதர்

மரக்கறி வாங்கிய வியாபாரி எழுதித் தந்த துண்டுகள், உரம் வாங்கிய பில், பழைய குடும்பப் போட்டோவில் பின்னால் பாத்தி தெரிந்தால் அதுவும். கிராம சேவகர் ஒரு கடிதம் தந்தால் நல்லது, தராவிட்டால் கேட்ட திகதியைக் குறித்து வையுங்கள். பக்கத்துக் கிராமத்தில் யாராவது சிங்கள நண்பர் சத்தியக்கடதாசி தர முன்வந்தால் கட்டாயம் எடுங்கள், மாத்தளைத் தம்பி சொன்ன நட்பு இங்கே உதவும். தோட்டத்தில் எப்போதாவது அந்தப் பாத்திக்குத் தண்ணீர்க் குழாய் போட அனுமதி கேட்டு எழுதிய கடிதம் இருந்தால் அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம், ஆபிஸ் முத்திரை இருக்கிறதா பாருங்கள். வாக்குமூலப் பிரதியைச் சட்டத்தரணி சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்பித்துத் தருவார், அதைச் சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே தகவலில் கையெழுத்து வையுங்கள். எல்லாருடைய அடையாள அட்டைப் பிரதியும் இரண்டிரண்டு வேண்டும்.